முதலில் பாடியவர்கள்

போன வாரம் நண்பன் ஒருவனோடு காரில் போய்க்கொண்டிருந்தபோது அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' ஓடியது. "இதை இவளைத் தவிர வேறு யாராலும் பாட முடியாது" என்றான். இதை முதலில் பாடியது எர்மா ஃபிராங்க்ளின் என்றேன். "யாருடா அது?" என்று கேட்டான். புகழ்பெற்ற பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் அக்கா.

அப்புறம் வீட்டுக்குப் போகும் வரை அதைப் பற்றியேதான் பேசினோம். பேசி முடித்த பிறகும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எர்மா அந்தப் பாட்டைப் பாடியது 1967-இல். ஜானிஸ் அடுத்த வருடம் பாடினார், உலகமெங்கும் போனது. ஜானிஸ் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார். ஆனால் எர்மாவுடையதைக் கேட்டுப் பாருங்கள். கத்தல் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் வலிக்க வை, நான் தாங்குவேன் என்று நிமிர்ந்து நின்று சொல்லும் குரல். எர்மா பின்னாளில் டெட்ராய்ட்டில் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தார். 2002-இல் காலமானார்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பாட்டை முதன்முதலாகப் பாடுகிறவருக்கு முன்னால் வெறும் காகிதமும் மெட்டும் மட்டும்தான் இருக்கின்றன. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவது, எங்கே குரலை உடைப்பது, எங்கே அடக்கி வாசிப்பது என்பதையெல்லாம் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து வருகிறவருக்குப் பாதை போட்டாயிற்று. அப்படிப் பாதை போட்டவரின் பெயர்தான் முதலில் மறந்துபோகிறது. கருப்பினத்தவரின் தேவாலயப் பாட்டிலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் வளர்ந்த 60-களின் அமெரிக்க சோல் இசையில் இது நடந்த அளவுக்கு வேறெங்கும் நடந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

காசு விஷயத்திலும் அப்படியே. இன்னொருவர் அந்தப் பாட்டை எடுத்துப் பாடினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும், முதலில் பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது. அமெரிக்க வானொலியில் அவருடைய சொந்த ரெக்கார்டு ஓடினாலும் அப்படித்தான். வழக்கமான ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாடகருக்கு ராயல்டி தருவது இன்றுவரை அங்கே சட்டத்தில் இல்லை.

ஜெர்ரி ராகவாய் என்று ஒரு தயாரிப்பாளர், பாடலாசிரியர். எர்மா பாடிய அந்தப் பாட்டை பெர்ட் பெர்ன்ஸோடு சேர்ந்து எழுதியவர். இவர் எழுதிய பாட்டுகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால் போதும், மறக்கப்பட்ட குரல்களின் ஒரு தெருவே வரும்.

அதில் முதல் வீடு லோரெய்ன் எலிசனுடையது. பிலடெல்பியாக்காரர், சிறு வயதிலிருந்து தேவாலயப் பாட்டுக் குழுக்களில் பாடி வளர்ந்தவர். 1966-இல் நியூயார்க்கில் பெரும்புகழ் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் ஒலிப்பதிவுக்கு 46 பேர் கொண்ட இசைக்குழுவை ஏற்பாடு செய்திருந்தார்கள். கடைசி நேரத்தில் சினாட்ரா வரவில்லை. வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை ராகவாய்க்குக் கொடுத்தார்கள், அவர் எலிசனைக் கூட்டி வந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'ஸ்டே வித் மீ'.

சினாட்ராவுக்காகக் கூடியிருந்த அத்தனை வயலின்களுக்கும் ஊதுகுழல்களுக்கும் நடுவில் நின்று அந்தப் பெண் பாடுகிறார். ஆரம்பத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது மாதிரி மெதுவாக. நான் என்ன தப்பு செய்தேன், ஏன் போகிறாய் என்ற தொனி. பின்னால் இசை சும்மா காத்துக்கொண்டிருக்கும். பிறகு 'ஸ்டே' என்ற அந்த ஒரு சொல் வரும் இடத்தில் தொண்டை கிழிந்துவிடுமோ என்று நமக்குப் பதற்றமாகும். அவ்வளவு பெரிய இசைக்குழு அவரைத் தூக்கவில்லை, அவர்தான் அதை இழுத்துக்கொண்டு போகிறார். உடனே குரல் பழைய மெதுவான பேச்சுக்கு இறங்கிவிடும். எனக்கு உடம்பு நடுங்குவது அந்தக் கதறலில்கூட இல்லை. கதறிவிட்டு, இவ்வளவு சொல்லியும் நிற்க மாட்டானா என்பது போலத் தணிந்து பேசத் தொடங்கும் அந்த இடத்தில்தான்.

அந்தப் பாட்டு பாப் தரவரிசையில் 64-வது இடம் வரைதான் போனது. எலிசன் 1983-இல் இறந்தபோது அவருக்கு வயது 51. அதற்குள் பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர் ஒரு திரைப்படத்தில் அதே பாட்டைப் பாடி, பலர் அதை அவருடைய பாட்டாகவே நினைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்தவர் ஹோவர்ட் டேட். இவருடைய 'கெட் இட் வைல் யூ கேன்' ராகவாய் தயாரிப்பில் வந்தது. அதையும் பிறகு ஜானிஸ்தான் பிரபலமாக்கினார். டேட்டின் குரல் ஒரு நொடியில் அடித்தொண்டையிலிருந்து உச்சிக்கு வழுக்கிக்கொண்டு போகும், ஏறியது எப்போது என்றே தெரியாது. இவர் 70-களின் பிற்பகுதியில் இசையை விட்டே போய்விட்டார். இன்சூரன்ஸ் விற்றார். மகளைத் தீ விபத்தில் பறிகொடுத்தார். போதையில் விழுந்தார், வீடில்லாமல் தெருவில் கிடந்தார், மீண்டு வந்து போதகரானார். செத்துப்போய்விட்டார் என்றே ரசிகர்கள் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2001-இல் நியூஜெர்சியில் ஒரு கடையில் பழைய இசைக்கலைஞர் ஒருவர் தற்செயலாக அவரைப் பார்த்ததால்தான், ஆள் உயிரோடு இருப்பது வெளியே தெரிந்தது. 2003-இல் ராகவாயோடு சேர்ந்து புது ஆல்பமே போட்டார். அந்தக் குரல் அப்போதும் மேலே ஏறியது!

அமெரிக்காவின் தெற்கே மெம்பிஸ் நகரத்துப் பக்கம் வந்தால் இன்னொரு கதை. ரூஸ்வெல்ட் ஜாமிசன் என்பவர் அங்கே ஒரு ரத்த வங்கியில் வேலை பார்த்தார். பாட்டு எழுதுவார், பாடத் தெரிந்தவர்களை அங்கேயே வைத்துப் பயிற்சி கொடுப்பார். ஒருநாள் நள்ளிரவில் இரண்டு பாடகர்களைக் கூட்டிக்கொண்டு, கையில் டேப் ரெக்கார்டரோடு, கோல்ட்வேக்ஸ் என்ற சின்ன ரெக்கார்டு கம்பெனியின் பங்குதாரர் குவின்டன் கிளான்ச்சின் வீட்டுக் கதவைத் தட்டினார். எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார்களாம். அந்த இருவர் ஓ.வி. ரைட், ஜேம்ஸ் கார். ஒரே ராத்திரியில் இப்படி இரண்டு குரல்கள் வாசலில் வந்து நின்ற வீடு வேறு எது?

ஜேம்ஸ் காரின் 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' ஊரறியாமல் சந்திக்கும் இரண்டு பேரின் பாட்டு. டான் பென்னும் சிப்ஸ் மோமனும் ஒரு சீட்டாட்டத்தின் இடைவேளையில் அரை மணி நேரத்தில் எழுதியது. உட்கார்ந்து எழுத அறை கொடுத்தது இதே கிளான்ச்தான், பாட்டை ஜேம்ஸ் காருக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அரேதாவிலிருந்து ஆரம்பித்து எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். எல்லோரும் காதலைப் பாடுகிறார்கள், ஜேம்ஸ் கார் பயத்தையும் சேர்த்துப் பாடுகிறார். கிதார் நடுங்குகிறது, அவர் குரலை உயர்த்தவே இல்லை, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. மனநோயோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய மனிதர். 2001-இல் 58 வயதில் புற்றுநோயில் போனார்.

ஓ.வி. ரைட் 1964-இல் பாடிய 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' ஜாமிசன் எழுதியது. புகழ்பெற்ற சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் உடனே அதை எடுத்துப் பாடினார், பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு. ரைட்டோ ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததால் கோல்ட்வேக்ஸை விட்டு அங்கேயே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1971-இல் 'எ நிக்கல் அண்ட் எ நெய்ல்' பாடினார். ஒரு காலத்தில் பையில் பணம் வைத்திருந்தவனிடம் இப்போது ஒரு ஐந்து சென்ட் காசும் ஓர் ஆணியும்தான் மிச்சம், வறுமை வெளியே தெரியாமல் இருக்க அவற்றைக் கிலுக்கிக்கொண்டு நடக்கிறான். தயாரித்தவர் வில்லி மிட்செல். பாடகர் அல் கிரீனின் பாட்டுகளைப் பதிவு செய்த அதே மனிதர், அதே ராயல் ஸ்டுடியோ, அதே வாத்தியக்காரர்கள். அல் கிரீனை உலகத்துக்கே தெரியும். ரைட் 1980-இல் 41 வயதில் இறந்தார், 2008 வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

திறமை குறைந்ததால் இவர்கள் தெரியாமல் போனார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன கம்பெனிகள், ரெக்கார்டு விற்றவர்களிடமிருந்து பணம் வந்து சேர்வதற்குள் அடுத்த தட்டு அச்சடிக்கக் காசு இருக்காது. கருப்பினத்தவரின் பாட்டுக்குத் தனி வானொலி, தனித் தரவரிசை. அந்த வேலியைத் தாண்டினால்தான் பெரிய விற்பனை.

வட இங்கிலாந்தின் தொழிலாளர் ஊர்களில் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் இந்தச் சின்ன இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, இரவு முழுக்க ஆடி, பல பாட்டுகளை உயிரோடு வைத்த இளைஞர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதிலும் எனக்கு ஒரு வருத்தம். போட்டி டீஜேக்களுக்குத் தெரியக் கூடாது என்று தட்டின் லேபிளை மூடி, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைப்பார்கள். ஃபிராங்க் வில்சன் 1965-இல் பாடிய ஒரு தட்டு அங்கே எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஓடியது. அந்தத் தட்டின் ஒரு பிரதி 2020-இல் 1 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. நான் தேடுவது விலையை இல்லை, பெயரை.

சரி, எங்கே தொடங்குவது என்று நண்பன் கேட்டான். உங்களுக்கும் அதே பதில்தான். இன்று ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு லோரெய்ன் எலிசனின் 'ஸ்டே வித் மீ' கேளுங்கள். ஆரம்பம் மெதுவாக இருக்கிறதே என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்.