சத்திரசிகிச்சை அவளுக்கு, ஆறு வாரப் பொறுப்பு வீட்டாருக்கு

என் சின்னம்மாவின் மகள் மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதும் கல்லடியிலும் காரைதீவிலும் உள்ள எங்கள் உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு இந்த அழகு எதற்கு?" என்பதுதான். அவளுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் எவரும் அவளுடைய தோளைப் பார்த்ததில்லை. பிரா பட்டி பல ஆண்டுகளாக அழுத்தி அங்கே பள்ளமே விழுந்திருந்தது.

அவள் ஆசிரியை. மூன்றாம் பாடம் முடிவதற்குள் கழுத்தும் தோளும் நாரியும் வலிக்கத் தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மார்பின் கீழ் மடிப்பில் வேர்வை தேங்கி, தோல் வெந்து புண்ணாகிவிடும். மருந்து பூசினால் ஆறும், அடுத்த வெயிலுக்குத் திரும்ப வரும். "உடம்பைக் குறை" என்று எல்லோரும் சொன்னார்கள். எடை குறைந்தால் மார்பில் உள்ள கொழுப்பு ஓரளவு குறையும். சுரப்பித் திசு அப்படிக் குறையாது. வேகமாக நடந்தாலே வலிக்கும் பெண்ணிடம் ஓடச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? இது வலிக்கான வைத்தியம். அழகுக்காகச் செய்துகொண்டாலும் அது அவளுடைய உடல்தான். ஆனால் அவள் செய்தது அதற்காக அல்ல.

முழு மயக்கத்தில் பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் செய்வார்கள். கொழுப்பு, சுரப்பித் திசு, மிகுதியான தோல் ஆகியவற்றை அகற்றி, காம்பை அதன் இரத்த ஓட்டம் அறுபடாமல் மேலே நகர்த்திப் பொருத்துவார்கள். அகற்றிய திசுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழக்கம். தழும்பு நிச்சயம் இருக்கும். கருவட்டத்தைச் சுற்றி, அங்கிருந்து நேர் கீழாக, பலருக்கு அடி மடிப்பு நெடுகிலும், நங்கூரம் போல. முதல் மாதங்களில் சிவந்து தடித்திருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மங்கும், மறையாது. காது குத்திய இடத்தில் தோல் தடித்துக் கட்டிபோல் வளர்ந்தவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். நம் தோலுக்கு அந்தச் சுபாவம் அதிகம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் மறைக்கக் கூடாது. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காயம் ஆறத் தாமதமாகும், காம்பே கருகிப்போகவும் கூடும். அதனால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அஸ்பிரின் குடிப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காம்பின் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். பிறகு பிள்ளை பெற்றால் பால் குறைவாகச் சுரக்கலாம். ஓரளவு கொடுக்க முடிந்தவர்களும் உண்டு, முடியாமல் போனவர்களும் உண்டு. கர்ப்பத்தாலோ எடை கூடுவதாலோ மார்பு மீண்டும் பெருக்கலாம். இவ்வளவையும் அவளிடம் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். கேட்டபின் தீர்மானிக்க வேண்டியவளும் அவள்தான். மாமியார், மச்சாள், அயல்வீட்டார் எவருக்கும் அதில் வாக்கு இல்லை.

அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை, காத்திருப்பு நீளும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ, உங்களுக்குக் கிட்டிய இடத்தின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் வலியையும் புண்ணையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

நான் எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். வீடு திரும்பிய பின் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. ஆரம்பத்தில் கையைத் தலைக்கு மேல் உயர்த்தவும் கூடாது. இரவும் பகலும் அதற்கென்ற பிரா அணிந்து, முதுகில் சாய்ந்துதான் உறங்கவேண்டும். கதிரையில் இருந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதைக் கேட்ட வீட்டார் சமையலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கிணற்றில் வாளி இழுப்பது, தேங்காய் துருவுவது, ஈரத்துணியைக் கொடியில் போடுவது, சோற்றுப் பானையை இறக்குவது, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்குவது எல்லாமே மார்புத் தசையை இழுக்கிற வேலைகள். தையல்கள் சந்திக்கும் அடிப்பகுதி எளிதில் பிரியக்கூடிய இடம். அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாம் வாரமே அடுப்படிக்குப் போனார். அந்த இடம் திறந்து, வாரக்கணக்கில் மருந்து கட்ட நேர்ந்தது. "கவனமில்லை" என்று அவரைத்தான் ஏசினார்கள். பானையை இறக்க அந்த வீட்டில் வேறு கை நீளவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் கோபம்.

என் தங்கையின் கணவர் திகதி கிடைத்த அன்றே தண்ணீர், சமையல், பிள்ளைகள் எல்லாம் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது, அவர் துருவுபலகையை விட்டு எழவில்லை. தோள் வலி குறைந்ததை அவள் முதல் வாரத்திலேயே உணர்ந்தாள்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது, காம்பு கறுப்பது, கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நடுச்சாமம் என்றாலும் கொண்டுபோங்கள். பார்க்கப் போகிற உறவினர்களே, பழமும் மாப்பேணியும் வேண்டாம். ஒரு நேரச் சோறும் கறியும் கொண்டுபோங்கள், சாப்பிட்ட பாத்திரங்களையும் நீங்களே கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.