தீபாவளிக்கு முன்னால் விற்கிற மல்லாட்டை

கூட்டுறவுச் சங்கம் என்றாலே பயிர்க்கடன், தள்ளுபடி இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடன் வேண்டியதுதான். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்காரர் வீட்டில் பங்குனி மாசம் சாப்பாட்டுக்கு இழுபறி வருமா வராதா என்பது, ஐப்பசியில் அவர் எத்தனை மூட்டை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, விற்காமல் வைத்தார் என்பதில்தான் இருக்கிறது.

ஆனிக் கடைசியில் போட்ட மல்லாட்டை 105 நாளில் பிடுங்க வரும். சரியாக மழைக்கும் தீபாவளிக்கும் நடுவில். ஆள் கூலி, கடை பாக்கி, துணிமணி எல்லாம் சேர்ந்து நெருக்க, ஈரக்காய் அப்படியே மண்டிக்குப் போகிறது. ஈரம் என்று சொல்லியே விலையை அடிப்பார்கள்.

இதற்குத்தான் விளைந்ததை அடகு வைத்து வாங்குகிற பொருளீட்டுக் கடன். ராணிப்பேட்டை மாவட்டத்து அம்மூரில் இருப்பது மாதிரி அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையை வைத்தால் மதிப்பில் 75 சதவீதம் வரை பணம், 5 சதவீத வட்டி, 180 நாள் தவணை. 40,000 ரூபாய் காய்க்கு 30,000 கையில் வரும். ஆறு மாச வட்டி 750. விலை ஏறியே தீரும் என்று சொல்ல மாட்டேன். அதனால் பாதியை மட்டும் வையுங்கள்.

காய் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரணும். பிடுங்கிய செடியைக் குவித்துப் போட்டால் உள்ளே சூடேறி முளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஏறிய காயை எந்தக் கிடங்கும் எடுக்காது. காய் மேலே பார்க்கும்படி செடியைப் பரப்பி, வாடிய பிறகு காயைப் பறித்து, களத்தில் மூணு நாலு நாள் காயப்போடுங்கள்.

எனக்குள்ள கோபம் ஒன்றுதான். பல சங்கங்களில் 100 டன் கிடங்கு கட்டியாகிவிட்டது. அதில் உரமும் ரேஷன் அரிசியும் அடுக்கியிருக்கிறது, உறுப்பினர் விளைவித்த காய்க்கு இடமில்லை. பத்து மூட்டைக்கு வண்டி வாடகை கொடுத்து எவ்வளவு தூரம் போவார்?

விதைக்காயைத் தொடாதீர்கள். ஏக்கருக்குப் பொறுக்கிய பருப்பு 50 கிலோ வேண்டுமென்றால் காயாக 80 கிலோவாவது ஒதுக்கணும். சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள். உர மூட்டை இருக்கிற அறை மட்டும் வேண்டாம், யூரியா ஈரத்தை இழுக்கும்.