வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கலாமா?

"இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது" என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி.) தவறு. செய்யாதீர்கள்.

டைனமோ வைத்த அந்தக் கால வண்டிகளில் மெக்கானிக்குகள் செய்த வேலை இது. ஆல்டர்னேட்டரில் கதை வேறு. மின்னழுத்தம் எகிறாமல் தாங்கிப் பிடிப்பதே பேட்டரிதான். அதைத் திடீரெனப் பிரித்தால் 14 வோல்ட் நொடிக்கும் குறைவான நேரத்தில் பல மடங்கு பாயலாம். ஆல்டர்னேட்டரின் டையோடு, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போகும். மாருதி 800 எம்பிஎஃப்ஐ போன்ற, மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டியானால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம்மும் போகலாம். அதன் விலை தெரிந்தவர் வயரைத் தொடமாட்டார். அதோடு, வண்டி நிற்காமல் ஓடினாலும் சார்ஜ் போதுமான அளவு ஏறுகிறதா என்பது இதில் தெரியவே தெரியாது.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். ஓடும்போது 13.8 முதல் 14.5. ஹெட்லைட், புளோயர் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்தும் 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

குறைவாகக் காட்டினால் உடனே ஆல்டர்னேட்டரை மாற்றவும் வேண்டாம். பெல்ட் தளர்வு, டெர்மினலில் பூத்த பச்சை, துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சாவி போட்டதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா? சில பழைய வண்டிகளில் அந்த பல்பு ஃபியூஸ் ஆனாலே சார்ஜ் ஏறாது.