ஷேட் என்ற ஒரு சொல்லும் நம் இளமஞ்சளும்

சென்ற ஆண்டு தைப்பூசத்திற்கு முன், காவடி எடுக்கும் எங்கள் வீட்டாருக்காக தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணிக்கடையைத் தொலைபேசியில் அழைத்து மஞ்சள் துணி கேட்டேன். முன்பு வாங்கியதைவிட "ஒரு ஷேட் வேறாக" வேண்டும் என்றேன். என் மனத்தில் இருந்தது பால் கலந்தாற்போன்ற மஞ்சள். வந்து சேர்ந்ததோ அரைத்த கடுகின் நிறம். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்த ஆங்கிலச் சொல் இரண்டு பக்கமும் போகும்.

பழைய ஆங்கிலத்தில் ஷேட் என்பதும் நிழலைக் குறிக்கும் ஷேடோ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஓவியம் பயில்வோர் அந்த நிழலை மறக்காமல், ஒரு நிறத்தோடு கறுப்பைச் சேர்த்தால் கிடைப்பதை மட்டும் ஷேட் என்கிறார்கள். வெள்ளையைச் சேர்த்தால் அது டின்ட், சாம்பல் நிறத்தைச் சேர்த்தால் டோன். டின்ட் என்பது சாயமேற்றுவதைச் சொல்லும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ஆனால் அன்றாடப் பேச்சில் இவை அனைத்தையும் ஷேட் என்ற ஒன்றே விழுங்கிவிடுகிறது.

தமிழில் இந்தக் குழப்பத்திற்கு இடமே இல்லை என்பதை என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் நடத்தும்போதுதான் நான் முழுதாக உணர்ந்தேன். கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு என்னும்போது ஓவியர் குழைக்கும் கறுப்பு சொல்லின் முன்னாலேயே நிற்கிறது. மறுபக்கத்தில் நாம் பல நேரங்களில் வெள்ளையைப் பேசுவதில்லை, வயதைப் பேசுகிறோம்: இளம்பச்சை என்றால் இப்போதுதான் துளிர்த்த இலை, முற்ற முற்ற அது கரும்பச்சை ஆகும். நிறத்தை வளரும் உயிராகக் கண்ட இந்தப் பார்வை எனக்கு மிகவும் பிரியமானது. 1860இல் சென்னையிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களோடு வந்த சொற்கள் இவை. இன்று ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட நம் பிள்ளைகளுக்கு 'லைட்', 'டார்க்' மட்டுமே தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருமணப் பேச்சில் பெண்ணை "ஒரு ஷேட் கம்மி" என்று சொல்வதை இங்கே இன்றும் கேட்கிறேன். 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் மனிதர்களைத் தோற்றத்தை வைத்து இனம் பிரித்து, உடன்பிறந்தவர்களைக்கூட வெவ்வேறு பட்டியலில் சேர்த்த நாடு இது. அந்தச் சட்டம் 1991இல்தான் நீக்கப்பட்டது. அதன் கீழ் வாழ்ந்த நம் வீடுகளில், மனிதத் தோலைத் துணிபோல் அளக்கும் அந்தப் பேச்சு ஒலிக்கக் கூடாது.

இந்த ஆண்டு அதே கடையை அழைத்து "இளமஞ்சள்" என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் பேசிய பெரியவர் சற்று நிதானித்து, "எலுமிச்சை போலவா, சந்தனம் போலவா, அம்மா?" என்று கேட்டார். சந்தனம் என்றேன், நான் நினைத்த துணியே வந்தது.