ஓக் குரோவும் மாறியதுதான்

“உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானமான ஓக் குரோவ் 1975 முதல் அப்படியே இருக்கிறது, நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு மைதானத்தை மட்டும் ஏன் கலைக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள், அண்ணா. பந்துக்குப் பதில் வட்டை எறிந்து இலக்கில் சேர்க்கும் ஆட்டம்தானே டிஸ்க் கோல்ஃப்; ஓக் குரோவில் அந்த இலக்கே மாறியிருக்கிறது, ஆகவே நீங்கள் சொல்வது சரியல்ல. கலிஃபோர்னியாவிலுள்ள அந்த மைதானத்தில் அதை வடிவமைத்த எட் ஹெட்ரிக் முதலில் இலக்காக வைத்தவை வெறும் கம்பங்கள். வட்டு கம்பத்தில் பட்டதா, இல்லையா என்று ஓயாத தகராறு. அதன்பிறகே சங்கிலி தொங்கும் கூடை வந்தது. அதற்கு அவர் காப்புரிமை பெற்றது 1977இல்.

நம் தோப்பிலும் இடம் மாறுபவை மூன்று கூடைகள்தான், பதினெட்டும் அல்ல. தென்னங்கன்றுகளின் மட்டையை வட்டு கிழித்துக்கொண்டே இருந்தால் தோப்புக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? வாய்க்காலைத் தாண்டி எறியும் ஆறாவது கூடை போவதில் எனக்கும் வருத்தமே. அங்கே நான் தொலைத்த வட்டுகளின் கணக்கு வீட்டுக்குத் தெரிந்தால் சோறு கிடைக்காது.