மல்லி டின்னுக்குள் இருந்த மாத்திரை

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேசியவரின் நாலு நிமிட வீடியோ உங்கள் புலனத்துக்கும் (வாட்ஸ்அப்) வந்திருக்கும். எனக்கு ஆறு குழுக்களில் வந்தது. அதில் ஒன்று எங்கள் குடும்பக் குழு. அனுப்பியது என் சொந்த அண்ணன். கீழே கைதட்டும் பொம்மைகள் வேறு.

"நம் பெண்கள் மாத்திரையை விழுங்கி விழுங்கிக் கர்ப்பப்பையைக் கெடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்த மலேசியாவில் இந்தியர்கள் நாம் ஏழு விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டோம்" என்கிறார். மண்டபமே கை தட்டுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் தட்டுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

எத்தனை பிள்ளை, எப்போது, அதுவரை எந்த முறையில் தள்ளிப்போடுவது என்பதையெல்லாம் சுமக்கிறவள் தீர்மானிக்கட்டும். கணவனோடு பேசட்டும், டாக்டரோடு பேசட்டும், கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும். மைக் பிடித்தவர்களுக்கு இதில் இடமே இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாம் குறைந்துவிட்டோம் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் மாத்திரையா? 1970-ல் இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளை. இன்று இரண்டுகூட இல்லை. நம் இனத்தில் மட்டும் இல்லை, நாடு முழுக்கச் சேர்த்து எடுத்த கணக்கு இது. அதே சமயம், 1984 முதல் 2014 வரை எடுத்த மக்கள்தொகை, குடும்ப ஆய்வுகளைப் பாருங்கள். மணமான பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் ஏதாவது ஒரு கருத்தடை முறையைக் கையாளுகிறார்கள். முப்பது வருடமாக அந்த அளவு பெரிதாக நகரவே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடவில்லை, பிள்ளை மட்டும் குறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் தள்ளிப்போகிறது. வீட்டு வாடகை, பிள்ளை பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கும் காசு, இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் ஓடும் குடும்பம். இதையெல்லாம் பற்றி அந்த நாலு நிமிடத்தில் ஒரு வார்த்தை உண்டா?

பேச்சைத் தொடங்கும்போது பெரியார் பெயரையும் சொன்னார், கவனித்தீர்களா? 1929 டிசம்பரில் அந்தப் பெரியார் கப்பலை விட்டு இறங்கியது இதே பினாங்கில்தான். கர்ப்பத்தடை நாட்டு நலனுக்கு நல்லது, வறுமைக்கு நல்லது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அது பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று தன் குடி அரசு ஏட்டில் எழுதியவர் அவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே எங்கள் வயிற்றை இனத்தின் கணக்கில் எழுத எப்படித்தான் மனம் வருகிறது?

இது புதிது என்றும் சொல்ல முடியாது. 1966-ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, அதற்கென்று வாரியமும் அமைந்தது. குறைவாகப் பெறுங்கள் என்றார்கள். 1980-களில் அதே அரசாங்கம் எழுபது மில்லியன் மக்கள் வேண்டும் என்றது. வாரியத்தின் பெயரையும் மாற்றினார்கள். நாட்டுக்குக் கம்மியாக வேண்டும் என்றாலும் எங்கள் உடம்பு, நிறைய வேண்டும் என்றாலும் எங்கள் உடம்பு.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டம். அம்மாவுக்கு ஒன்பது பிள்ளை. ஏழாவது பிறந்தபிறகு, 1970-களின் தொடக்கத்தில், தோட்டத்து மிஸி, அதாவது நர்ஸ், ரகசியமாக மாத்திரை அட்டை கொடுத்திருக்கிறார். அம்மா அதை மைலோ டின்னுக்குள், மல்லி விதைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். விடிகாலை நாலு மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பும் முன்னால், விளக்கு ஏற்றாமலே, விதைக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாராம். விரல் நுனியில் மல்லி வாசம் போகாமல் இருக்கும் என்பார். ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் மசாலா வறுக்க எங்கள் பாட்டி டின்னை முறத்தில் கொட்ட, அட்டை வெளியே வந்து விழுந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லையாம். எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம்.

அடுத்த வருடம் நான் பிறந்தேன். எட்டாவது.

ஒன்பதாவது தம்பி. அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். இனிப் பிள்ளை பிறக்காமல் இருக்க அங்கேயே கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள். அதற்கான படிவத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர், பெயர் எழுதத் தெரியும். அவரிடம் யாரும் பேனாவை நீட்டவில்லை.

சரி, "மாத்திரையால் பக்கவிளைவே இல்லையா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். இருக்கிறது. நான் மாத்திரைக்கு ஏஜெண்டு இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சேர்ந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் பூச்சி பறக்கிற மாதிரி வந்து ஒற்றைத் தலைவலி தாக்குகிறவர்கள், முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் சிகரெட் பிடிக்கிறவர்கள், ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு உள்ளவர்கள், இவர்களெல்லாம் அந்தப் பக்கமே போகக்கூடாது. மார்பகப் புற்று அபாயம் கொஞ்சம் கூடுகிறது, அதே மாத்திரையால் சினைப்பைப் புற்றும் கர்ப்பப்பை உள்வரிப் புற்றும் குறைகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியில் எடை கூடும் சிலருக்கு, மாதவிடாய் தாறுமாறாகும். நிறுத்தினாலும் கரு தங்கப் பல மாதம் பிடிக்கலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் லூப் போட்டால் முதல் சில மாதம் ரத்தப்போக்கு அதிகம், இழுத்துப் பிடித்த மாதிரி வலிக்கும். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி மூன்று வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடத் தவறாது, ஆனால் எப்போது ரத்தம் படும் என்று சொல்ல முடியாது. இவற்றில் ஆணுறை ஒன்றுதான் பாலுறவால் வரும் நோய்த்தொற்றையும் தடுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் மனசு வைக்க வேண்டும்.

ஆனால் "மலடாகிவிடும்" என்பது பொய். மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் சக்தி திரும்பி வந்துவிடும். மேடையில் நின்று சொன்ன அந்த ஒரு பொய்யை நம்பி, இன்று எந்த வீட்டில் எந்த மாமியார் எந்த அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ.

என் கதையையும் கேளுங்கள். நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். வாரா வாரம் ஷிப்ட் மாறும். இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிளினிக்கில் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்று தாதி சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பகல் ஷிப்டில் இரவு ஒன்பதுக்குப் போடுவேன். இரவு ஷிப்டில் ஒன்பது மணிக்கு தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்துகொண்டிருப்பேன். பை லாக்கருக்குள் போய்விடும், விடியும்போதுதான் ஞாபகம் வரும். இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்போது மூன்றாவது வயிற்றில்.

அவன் என் செல்லம், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டு வருடமாவது விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஏன் என்று என் உடம்புக்குத் தெரியும். மாத்திரையைச் சரியாகப் போட்டால் வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறாது. வாழ்க்கை ஓடுகிற ஓட்டத்தில் போட்டால் ஏழு பேருக்குத் தவறும். அந்த ஏழு பேரில் நான் ஒருத்தி. பிறகு காப்பர் லூப் போட்டுக்கொண்டேன். பத்து வருடம் வரை தாங்கும், ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. முதல் நாலு மாதம் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் எனக்கு அது ஒத்துவந்தது. என் தோழிக்கு ஒத்துவரவில்லை, எடுத்துவிட்டாள். அதைத்தான் சொல்கிறேன், ஒருத்திக்கு ஒத்துவருவது இன்னொருத்திக்கு வராது. உடம்பைப் பார்த்து, வேலையைப் பார்த்து அவளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

"பிள்ளை கடவுள் கொடுப்பது" என்று ஒரு அக்கா நேற்று எழுதியிருந்தார். நம்பிக்கையை நான் தொடமாட்டேன் அக்கா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள்தான் நானும்.

"கணவன் மனைவி சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம், நீ ஏன் ஆண்களை ஒதுக்குகிறாய்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் ஒதுக்கவில்லை. வாருங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆண்களுக்கு ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அரை மணி நேரத்தில் முடியும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்ணுக்குக் கட்டுவதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. மூன்று மாதம் வேறு தடுப்போடு இருந்து, விந்துப் பரிசோதனையில் சுத்தம் என்று வந்தால் போதும். ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது பிறந்தபிறகு என் கணவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், இன்றுவரை என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. "கனமான பெட்டி தூக்குகிற வேலை, பலம் போயிடும்" என்றார். பலம் போகாது என்று டாக்டரே சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தார். நானே போய் லூப் போட்டுக்கொண்டேன். இருபது வருடம் ஆகிவிட்டது, அந்த மௌனம் இன்னும் எனக்கு வலிக்கிறது. இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் பிரசவ விடுப்பு, தந்தைக்கு 7 நாள். அந்த ஏழு நாளைக்கே எவ்வளவு போராட்டம். இனம் பெருக வேண்டும் என்று மேடையில் கேட்கிறவர்கள், எட்டாவது நாள் இரவு பிள்ளை அழும்போது யார் எழுந்திருப்பது என்று சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். குடும்பக் குழுவில் நான் மறுப்பு எழுதியதும் அண்ணன் போட்ட பதிலால்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது. "அம்மா உன்னை மாதிரி நினைத்திருந்தால் நீ பிறந்திருப்பாயா?" பத்து பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எல்லாரும் என் ரத்தம்.

பிறந்திருக்கமாட்டேன் அண்ணே. அம்மா என்னை மாதிரிதான் நினைத்தார். அதனால்தான் மல்லிக்குள் ஒளித்து வைத்தார். நான் வந்தது அந்த அட்டை எரிந்ததால். அதற்காக, எரித்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது.

கர்ப்பப்பை கெட்டுப்போவதைப் பற்றிப் பேசினார் இல்லையா அவர்? கடைசி ஆறு வருடம் அம்மா கோயிலில் தரையில் உட்காரவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? நாற்காலியிலும் நுனியில், ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். பையில் எப்போதும் மடித்த பழைய கைலித் துணி இருக்கும். ஒன்பது பிள்ளை பெற்று, இடுப்புச் சதை தளர்ந்து, அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்துவிட்டது அண்ணே. கிளினிக்கில் ரப்பர் வளையம் வைத்து உள்ளே நிறுத்தியிருந்தார்கள். அதைக் கழுவி மாற்ற, சில மாதத்துக்கு ஒரு தடவை நானும் சின்னக்காவும்தான் மாறி மாறி அழைத்துப் போனோம். உன்னிடம் முட்டிவலி என்று சொன்னோம். அப்படித்தான் சொல்லச் சொன்னார் அம்மா.