கர்ட்டிஸ் பதவி விலகியதன் காரணம்

விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை ட்ரெட் ஸ்காட்டுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857இல் அளித்த தீர்ப்பை எதிர்த்த அதன் நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் 'அடிமைமுறை மீதான வெறுப்பால் பதவியைத் துறந்தார்' என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. அவர் அடிமை ஒழிப்பாளரே இல்லை. 1836இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாஸ்டனுக்குக் கூட்டிவரப்பட்ட ஆறு வயது அடிமைச் சிறுமி மெட்டைத் திருப்பிக் கொண்டுபோக உரிமையாளருக்கு உரிமை உண்டென்று வாதாடிய வழக்கறிஞர் இவர்தான்; சிறுமியை விடுவித்தவர் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவல் ஷா. ஆனால் 1857இல் கர்ட்டிஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு அசைக்க முடியாதது. கறுப்பினத்தவர் ஒருபோதும் குடிமக்களாக இருந்ததில்லை என்றார் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி. கர்ட்டிஸ் பழைய சட்டங்களையே எடுத்து வைத்தார்: இன்றைய அரசியலமைப்புக்கு முன் நாட்டை ஆண்ட கூட்டமைப்பு விதிகள் ஏற்கப்பட்ட காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில், மற்றவர்களுக்குரிய தகுதிகள் இருந்த சுதந்திரக் கறுப்பினத்தவருக்கும் வாக்குரிமை இருந்தது. இதற்கு டானியிடம் பதில் இல்லை என்பதே என் கருத்து. வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை என்று நீதிமன்றமே முடிவு செய்த பிறகு, வடக்குப் பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுத்த 1820ஆம் ஆண்டுச் சட்டமான மிசூரி உடன்பாட்டைச் செல்லாததாக்கியதும் தவறு என்றார் கர்ட்டிஸ். அதன்பின் நடந்ததுதான் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. நீதிமன்றத்தில் வாசித்த தீர்ப்பை டானி பிறகு திருத்தி நீட்டினார். அதன் பிரதியைக் கேட்ட கர்ட்டிஸுக்கு, சக நீதிபதியாக இருந்தும், நீதிமன்ற எழுத்தர் தர மறுத்தார். டானிக்கும் கர்ட்டிஸுக்கும் கசப்பான கடிதப் போர் மூண்டது. சம்பளமும் குடும்பத்துக்குப் போதவில்லை. இவ்வளவும் சேர்ந்துதான் அந்தச் செப்டம்பரில் விலகினார். 1868இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் அவருக்காக வாதாடியதும் இதே கர்ட்டிஸ்தான். ஜான்சனைக் குற்றவாளி என்று தீர்மானிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு செனட்டில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது.